படத்தின் பின்பக்கம்

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். வீட்டில் இருப்பவற்றுள் மிகப் பழைய நிழற்படத்தை எடுத்துவந்து, அதிலிருப்பவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்தும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களை ஒட்டிய ஊர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள். படங்கள் வந்து குவிந்தன. கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டன: ‘இவர் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.’

ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில் அரண்மனைப் படிக்கட்டும் தாமரைக் குளமும் தீட்டிய திரைக்கு முன்னால் ஓர் இளைஞர் நிற்கிறார். கோட்டின் கை, மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை தொங்குகிறது. பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். “எங்க அப்பாவா இருக்கும், இல்லாட்டிச் சித்தப்பா” என்றாராம் பாட்டி. அடுத்த வரிசையில் வேறொரு மாணவனின் படம். அதே திரை. அதே கோட்டு; இவருக்குத் தோளில் இறுக்குகிறது. நிலையத்துக்குச் சொந்தமான அந்த ஒற்றைக் கோட்டை எத்தனை பேர் போட்டுக்கொண்டு நின்றார்களோ! இரண்டு படங்களின் பின்பக்கத்திலும் நிலையத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. நின்றவரின் பெயர் இரண்டிலும் இல்லை.

நிழற்பட நிலையம் நடத்துகிறவர்கள் எழுத வேண்டும் என்று நான் சொல்லிவருவதற்கு இதுதான் காரணம். என் நண்பர்கள் இதைத் தமிழாசிரியரின் நோய் என்கிறார்கள். இருக்கட்டும்.

இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பக்கம் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு நட்டது. வில்லேந்திய உருவம் ஏதும் அதில் செதுக்கப்படவில்லை. பெயர், ஊர், நிகழ்ச்சி, அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆளை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு போடியில் கோட்டு மாட்டி நின்றவரை, மூக்கும் விழியும் மீசையும் கண்முன் இருந்தும், அழைக்க முடியவில்லை.

இது நம் ஊருக்கு மட்டுமான குறையன்று. மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் நிலையம் தொடங்கி, பல்லாயிரம் பேரை அவரவர் விரும்பிய கோலத்தில் படமெடுத்தவர் செய்து கெய்தா. 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் அவருடைய படங்களைத் தொங்கவிட்டபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே குறித்திருந்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார். பின்னர் தேடிக் கண்டுபிடித்தார்கள். எடுத்தவருக்கு உலகப் புகழ் வந்தது. படத்தில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் பெயரற்றவர்களாகவே நீடிக்கிறார்கள்.

இங்கே, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய நிலையங்களின் படங்களைத் தேடி மின்னுருவாக்கம் செய்தது. பெரிய பணி அது. ஆனால் அத்தகைய முயற்சி காப்பாற்றித் தரக்கூடியது முகத்தை மட்டுமே. எழுதப்படாத பெயரை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. பாரதியின் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் ஊரும் காலமும் துலங்குவதற்கு ரா. அ. பத்மநாபன் போன்ற ஒருவர் அலைந்து, 1957இல் ‘சித்திர பாரதி’யைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மேட்டில் காய் எடுத்த ஒரு கிழவிக்காக யார் அலைவார்கள்?

‘பெயர் எழுதுவது ஒரு வேலையா, ரசீதில்தான் இருக்கிறதே’ என்று நிலையத்தார் கேட்கலாம். ரசீது கிழிந்துபோகும். தவிர, அவர்களுக்குத் தெரிந்தது பெயர் மட்டுமன்று. அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாதம் எது, மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள விரும்பும் படம் எது, காய்த்துப்போன உள்ளங்கையை மறைக்க ஒரு பெண் முந்தானையை எப்படி இழுத்துப் பிடிப்பாள், பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு எவ்வளவு பவுடர், இறந்தவரின் படத்தில் கண்ணைத் திறந்தாற்போல எப்படித் தீட்டுவது - இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் அவர்கள்தாம். எந்த எழுத்தாளனுக்கும் இவ்வளவு அருகில் நின்று முகம் பார்க்க வாய்ப்பதில்லை. நெகட்டிவில் பென்சிலால் தழும்பை அழித்த கை, அந்தத் தழும்பு வந்த கதையையும் கேட்டிருக்கும்.

ஆனந்தரங்கப் பிள்ளை இலக்கியம் படைக்கவா உட்கார்ந்தார்? வணிகர், துபாஷி. 1736 முதல் 1761 வரை சரக்கு, கப்பல், வம்பு, சண்டை எல்லாவற்றையும் எழுதிவைத்தார். புதுச்சேரியின் வரலாற்றை அந்த நாட்குறிப்பை ஒதுக்கிவிட்டு யாரும் எழுத முடியாது.

தொழிலுக்கு என்ன பயன் என்று கேட்பதும் நியாயமே. பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் அலுவலகத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். மற்றதற்குக் கைபேசி. எஞ்சியிருப்பது கல்யாணமும் காதுகுத்தும், அதிலும் போட்டி. இந்த நிலையில் ‘பொன்னான தருணங்களைப் பதிவு செய்கிறோம்’ என்று எல்லாரும் அச்சடிக்கும் துண்டறிக்கையால் ஒருவரும் படியேறப் போவதில்லை. ‘உங்கள் தாத்தா 1971இல் எங்கள் நிலையத்துக்கு வந்தார், இன்ன தோட்டத்திலிருந்து, உங்கள் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு’ என்று சொல்ல முடிகிற நிலையத்துக்குப் பேரன் வருவான். ரயிலேறியும் வருவான், 2010 இறுதியில் அகலப் பாதைக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்பிவிட்டது.

ஒரு தயக்கத்தை மட்டும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். யாருடைய முகத்தையும் அவரைக் கேளாமல் ஊருக்குக் காட்டக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கல்யாணப் படம் ஒரு நிலையத்தின் கண்ணாடி முகப்பில் அவரைக் கேட்காமலே ஆண்டுக்கணக்கில் தொங்கியது. மணமுறிவுக்குப் பிறகும் தொங்கியது. அவர் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டார். பதிந்துவைப்பது வேறு, பார்வைக்கு வைப்பது வேறு. குறிப்பேடு பெட்டிக்குள் இருக்கலாம். வெளியே சொல்வதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்தையும் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

தொடங்குவது எளிது. புத்தாண்டு நாட்குறிப்புகள் தை பிறப்பதற்குள் நின்றுபோவதை எல்லாரும் அறிவோம் (என்னுடையவை உட்பட). ஆகவே பக்கம் பக்கமாக வேண்டாம். கடையடைக்கும்முன் இரண்டு வரி. யார், எந்த ஊர், எதற்காக எடுத்துக்கொண்டார், எடுக்கும்போது என்ன சொன்னார். ஓய்ந்த மாதங்களில் அவற்றிலிருந்து ஒன்றை விரித்து எழுதலாம். நடை பற்றிய கவலை வேண்டாம். பேசுவதுபோல் எழுதினால் போதும்.

அந்த மாணவி அடுத்த வாரம் வந்தாள். பாட்டி யோசித்துச் சொல்லிவிட்டாராம், சித்தப்பாதான். பின்பக்கத்தில் பெயரை எழுதட்டுமா என்றாள். பேனாவை எடுத்துவிட்டிருந்தாள். தடுத்தேன், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பழைய தாளில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத்துத் தாளில் பென்சில் பிடிக்காது. அவற்றைக் காகித உறையிலிட்டு, உறையின் மேல் எழுதிக்கொள்ளலாம்.