கல்லெறிந்தவர் எந்தக் கிதாபு ஓதினார்?

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்த என்னிடம், முன்னாள் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டினார். முக்காடிட்ட மூன்று இளம்பெண்கள். ஒருவர் கையில் கிட்டார், மற்றவர் கையில் பாஸ் கிட்டார், மூன்றாமவர் டிரம்ஸின் நடுவே. "ஹஜ்ரத், இவர்கள் முஸ்லிம்களாம். இது ஹராம்தானே? ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்" என்றார். ஒரு வரியில் சொல்ல மறுத்தேன். அவருக்கு மனத்தாங்கல். மறுத்ததன் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காரூத் என்றொரு வட்டாரம். சுந்தா மொழி பேசும் மக்கள். நம் கரையோர ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர். அங்கே சிங்கஜாயா என்னும் சிற்றூரில் மத்ரஸா ஒன்றில் பயின்ற மர்ஸ்யா, விதி, சித்தி என்ற மூன்று மாணவியர் 2014-இல் ஓர் இசைக்குழு கண்டனர். அவர்களை இதில் இறக்கியவர் வெளியார் எவருமல்லர்; அந்த மத்ரஸாவின் ஆசிரியர் ஒருவரே. அவருடைய கணினியில் இருந்த மேலைநாட்டு மெட்டல் பாடல்களைக் கேட்டுத்தான் மூவரும் அத்திசையில் சென்றனர். குழுவின் பெயர் 'வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட்'. பசெப்ரோட் என்றால் சுந்தா மொழியில் இரைச்சல். பிறர் வைய நினைத்த பெயரைத் தாமே முந்திச் சூட்டிக்கொண்ட சாமர்த்தியத்தை எண்ணிச் சிரித்தேன்.

ஓசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் தீர்ப்பளிப்பது காழிக்கு அழகன்று. முன்றுமுறை கேட்டேன். பாஸ் கிட்டார் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கிறது. டிரம்ஸ் மழைக்காலத்துத் தகரக் கூரைபோல் இடைவிடாது கொட்டுகிறது. அதன்மேல் கிட்டார் அரம்போல் உராய்கிறது. பாடுபவர் சிலவேளை விரைந்து பேசுகிறார், சிலவேளை கதறுகிறார். கிராஅத்தும் பைத்தும் பழகிய என் செவிக்கு அது இனிக்கவில்லை. ஆனால் பொருள் கேட்டறிந்தபோது திகைத்தேன். காதலுமில்லை, கள்ளுமில்லை. பிள்ளைகளை நசுக்கும் பள்ளிமுறையைச் சாடி 2018-இல் ஒரு பாட்டு. பெண்ணின் உடல் ஊரார் சொத்தன்று என்று 2022-இல் ஒரு பாட்டு.

ஊரார் இதற்கு 'ஷைத்தானின் இசை' என்று பெயரிட்டனர். மர்ஸ்யாவின் மீது தாள் சுற்றிய கல்லொன்று எறியப்பட்டது. சிறுமியின் தலைக்குக் கல்லைக் குறிவைத்தவர் எந்தக் கிதாபு ஓதியவர்?

என் நிலையை மறைக்கவில்லை. நான் பாடம் சொல்லும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) நரம்புக் கருவிகளைத் தடுத்தே எழுதியுள்ளார்கள். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையோரின் கருத்து அதுவே. நானும் அதன் பக்கமே. ஆயினும் ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்), தடைக்குக் காட்டப்படும் ஹதீஸ்களை ஆய்ந்து, அவை நிலைபெறவில்லை என்று முஹல்லாவில் வாதிட்டார்கள். புகாரீயில் வரும் அறிவிப்பின் தொடர் அறுந்தது என்றார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அது அறுபடவில்லை என நிறுவினார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் நரம்புக் கருவிகளை விலக்கினார்கள். ஆனால் இனிமையைக் காரணமாகச் சொல்லவில்லை, அவை குடிகாரர் அவையின் அடையாளமாயிருந்ததையே காரணமாகச் சொன்னார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக அறிஞர் எழுதியும் மறுத்தும் வந்த ஒன்றை, முற்றத்தில் நின்றபடி ஒரு வரியில் முடிக்க நான் யார்? கருத்து வேறுபாடுள்ள செய்தியில் மற்றவரைப் பழித்தல் கூடாது என்பது ஃபிக்ஹின் விதியல்லவா?

பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதை ஷைத்தானோடு சேர்த்துக் கண்டித்ததையும், நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுவிடுமாறு பணித்ததையும் நாம் ஆண்டுதோறும் பயானில் சொல்கிறோம். தஃபு வேறு, கிட்டார் வேறு என்பீர். மெய்தான். நான் சுட்டுவது கருவியையன்று. கண்டிக்க எழுந்த நாவை நபியவர்கள் நிறுத்திய பாங்கை.

நம் வீடுகளை மட்டும் சற்று நோக்குவோம். நாகூர் ஹனீஃபாவின் பாட்டில்லாத நிக்காஹ் வீடு உண்டா? அந்தத் தட்டுகளில் ஒலிக்கும் இசைக்கருவிகளுக்கு எவரேனும் ஃபத்வா கேட்டதுண்டா? ஆண் பாடினால் பக்தி, பெண் பாடினால் ஃபித்னாவா? அன்னியப் பெண்ணின் குரல்பற்றிய சட்டம் தனியே உண்டு. அதைச் சட்டமாகப் பேசுவோம், சினமாகப் பேச வேண்டாம்.

இச்சினம் எங்கே கொண்டுவிடும் என்பதை ஸ்ரீநகரில் கண்டோம். 2012 டிசம்பரில் அங்கொரு போட்டியில் பரிசு பெற்ற 'பிரகாஷ்' என்னும் மாணவியர் குழுவின்மேல் இணையத்தில் மானபங்க மிரட்டல்கள் குவிந்தன. 2013 பிப்ரவரியில் காஷ்மீரின் தலைமை முஃப்தியும் அவர்களின் பாட்டு மார்க்கத்துக்கு மாறானது என்றார். குழு கலைந்தது. பாடியவர் பாவியென்றால், அப்பெண்களின் கற்பைக் குலைப்பேன் என்றெழுதியவர் யார்? எது பெரிய ஹராம்?

ஜாவாப் பெண்கள் கலையவில்லை. 2022-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும், 2024 ஜூன் 28-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் வாசித்தனர். கிளாஸ்டன்பரி மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு அவர்களே. மேலை ஏடுகள் புகழ்ந்தன. புகழ்ந்ததிலும் 'முக்காடு அணிந்துமா!' என்ற வியப்பே மிகுதி. எங்கள் இசையைப் பாருங்கள், தலைத்துணியையே பார்க்கிறீர்களே என்று அப்பெண்களே சலித்துக்கொண்டனர். கல்லெறிந்தவரும் கைதட்டியவரும் ஒரே துணியைத்தான் பார்த்திருக்கின்றனர் போலும்.

2021-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பு, இசைக்க அனுமதி தா என்று இறைவனிடம் கெஞ்சும் முனாஜாத்து. ஐயம் எழுந்தால் அறிந்தோரிடம் கேட்க வேண்டும் என்று மத்ரஸாவில் கற்ற பிள்ளைகள் அவர்கள். ஆலிம்களான நம்மிடம் அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் கிதாபைத் திறந்திருப்போமா, வாசற்கதவைச் சாத்தியிருப்போமா? மாணவரிடம் இதைக் கேட்டேன். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முஹல்லா தமிழில் கிடைக்குமா ஹஜ்ரத்?" என்றார். அரபு படி, நானே பாடம் சொல்கிறேன் என்றேன்.