நம்மாட்கள் கூடும் தெருவில்தான் கடை போட வேண்டுமா?

வீரகேரளம்புதூரிலிருந்து லண்டன் போய் ஒன்பது வருஷமாகிறது என் அண்ணன் மகனுக்கு. போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி போனில் கூப்பிட்டான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை காலியாகிறதாம். "நம்ம ஆளுக நிறைய இருக்காவ சித்தப்பா. இட்லி, தோசை, புரோட்டா போட்டா கண்ணை மூடிக்கிட்டு ஓடும்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றான்.

எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பது மெய்தான். துபாயோ சிங்கப்பூரோ டொராண்டோவோ, எங்கே ஹோட்டல் போட நினைத்தாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கிடைக்கிற முதல் புத்திமதி இதுதான்: தமிழன் எங்கே கூடுகிறானோ அங்கே போடு. இதை நம்பி ஊரில் வயலை அடமானம் வைக்கிறார்கள், வீட்டுப் பெண்களின் நகையைக் கழற்றி வாங்குகிறார்கள். தப்பான புத்திமதி என்று தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

தமிழர் இருந்தால் வாடிக்கை தயார் என்கிறார்கள். ஆனால் அங்குள்ள தமிழ்க் குடும்பத்தின் ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது. தீர்ந்துபோனால் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு. அவர்களுக்குத் தோசை தினப்படி பலகாரம். ஹோட்டலுக்கு வருவது சனி, ஞாயிறு மத்தியானம், குடும்பத்தோடு. அந்த இரண்டு மணி நேரம் வாசலில் ஆள் காத்து நிற்கும். செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்? மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் செவ்வாய்க்கிழமையும் சம்பளம் உண்டு. போதாததற்கு, விலைப் பட்டியலைப் பார்த்ததும் பவுண்டை ரூபாயாக்கி, சுரண்டையில் இந்தக் காசுக்கு எத்தனை தோசை என்று மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பவரும் நம்மாள்தான். அவரை நம்பி விலை வைப்பது கஷ்டம்.

இதை நான் குற்றாலத்தில் காசு கொடுத்துக் கற்றேன். ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஐந்தருவி ரோட்டில் நின்று, தலைதலையாய்ப் போகிற கூட்டத்தைப் பார்த்து, ஒரு கடைக்கு வருஷ வாடகை பேசி அட்வான்ஸ் கொடுத்தேன். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிற சாமிமார். அதோடு சரி. மாசியில் அருவியில் தண்ணீர் இல்லை, ரோட்டில் ஆள் இல்லை, வாடகை மட்டும் மாதாமாதம் கேட்டு வந்தது. இரண்டாம் வருஷம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வெளிநாட்டில் நம்மாட்களின் வார இறுதிக் கூட்டமும் ஒரு சீசன் கூட்டம்தான். அதைப் பார்த்து வருஷக் குத்தகை எழுதக் கூடாது.

ஏற்கெனவே பத்துக் கடை இருக்கிற தெருவில் பதினோராவதாய்ப் போட்டால் கூட்டம் தானாய் வரும் என்பது அடுத்த பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் கோயில்கள் உண்டு, தேக்கா சந்தை உண்டு, சுற்றுலாப் பயணிகள் உண்டு. நம்மாட்கள் வராத நாளிலும் யாராவது வருவார்கள்.

லண்டனிலேயே யூஸ்டன் ரயில் நிலையத்தை ஒட்டி டிரம்மண்ட் தெரு இருக்கிறது. 1970-களிலிருந்து பேல்பூரியும் தோசையும் விற்கிற சைவக் கடைகள் கொண்ட தெரு. நம்மவர் கடைகள் சேர்ந்திருப்பதால்தான் அந்தத் தெரு வாழ்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு புதிய அதிவேக ரயில் பாதைக்காக யூஸ்டனில் தடுப்புகள் எழும்பின. ஆட்கள் நடக்கும் வழி மாறியது. வியாபாரம் விழுந்துவிட்டதாகத் தெருக்காரர்கள் வருஷக்கணக்கில் முறையிட்டார்கள். கடைகள் அதே இடத்தில் இருந்தன, சமையலும் அதுவேதான். போனது ஸ்டேஷனிலிருந்தும் ஆபீசுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த நடமாட்டம். அத்தனை காலமும் கல்லாவை நிறைத்தது எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எல்லை இப்போது புளியரைக்கு அப்பால் போய்விட்டாலும், அன்று எல்லையாயிருந்த பிரானூருக்குப் 'பார்டர்' என்ற பெயர் மாறவில்லை. அங்குள்ள ரஹ்மத் கடைப் புரோட்டாவையும் கோழியையும் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பிரானூர் பெரிய ஊரா? மரக்கடைகளும் அறுவை மில்களும் உள்ள ரோட்டோரம். கொல்லத்துக்குப் போகிற லாரியும் குற்றாலத்துக்கு வருகிற காரும் நின்று சாப்பிடத் தோதான இடம், அவ்வளவுதான். குடியிருப்பவரை எண்ணி அங்கே யாரும் புரோட்டா கல்லைப் போட்டிருக்க முடியாது.

சரவண பவனும் அப்படித்தான் தொடங்கியது. ஹோட்டல்கள் மலிந்த தி.நகரை விட்டுவிட்டு, சாப்பிட நல்ல கடை இல்லாத கே.கே.நகரில் 1981-இல் போட்டார் ராஜகோபால். அவர் பின்னாளில் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றார். அதை மறைத்து அவரைப் புகழ நான் வரவில்லை, இடம் பார்த்த விதத்தை மட்டும் சொல்கிறேன். 'ஈஸ்ட் ஹாமிலும் சரவண பவன் நடக்கிறதே' என்பார்கள். ஊரறிந்த பெயரோடு போகிறவருக்கு அந்தத் தெரு சரி. பெயரில்லாமல் கடைசியாய் வருகிறவன் கூடுதல் வாடகைக்கும் குறைந்த விலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வான். நல்ல மாஸ்டர் அமைந்தால் பக்கத்துக் கடைக்காரர் இழுத்துக்கொள்வார்.

'வெள்ளைக்காரன் நம்ம சாப்பாட்டைத் தொடமாட்டான்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா ஓரம், பல்கலைக்கழகத்துக்கு எதிரில், யாழ்ப்பாணத்துக்காரரான திரு குமார் 2001-இல் ஒரு தள்ளுவண்டியில் தோசை போட ஆரம்பித்தார். வாங்கித் தின்றவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். 2007-இல் அந்த நகரத்துத் தெருக்கடைக்காரர்களுக்கான பெரிய விருது அவருக்குக் கிடைத்தது.

அதே நியூயார்க்கில், இந்தியக் கடைகள் வரிசையாய் உள்ளதால் 'கறி ஹில்' என்றே பெயர் விழுந்த லெக்சிங்டன் அவென்யூ இருக்கிறது. 2021-இல் திறந்த 'செம்ம' உணவகம் அங்கே போகவில்லை, கிரீனிச் வில்லேஜுக்குப் போனது. சமையல் நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன விஜய் குமார். வயக்காட்டு நத்தையைப் பிரட்டிப் பரிமாறினார். 2022-இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. லண்டன் ஸ்டோக் நியூவிங்டனில் 1994-இல் 'ரசா' என்ற கேரளச் சைவக் கடை வந்ததும் மலையாளிகள் கூடாத தெருவில்தான். தள்ளுவண்டிக்குக் கடை வாடகை இல்லை, செம்மவின் பின்னால் பெரிய முதல் இருந்தது, இரண்டும் என் அண்ணன் மகனின் நிலைமை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிற சனம் நம் சாப்பாட்டுக்கு வராது என்ற பேச்சு இந்த மூன்று கடைகளின் முன்னால் நிற்காது.

'மெயின் ரோடு கிடைத்தால் வாடகையைப் பார்க்காதே' என்பதற்குக் கணக்கே பதில். விற்பனையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால் ஹோட்டல் தாங்காது என்பது தொழிலில் உள்ள பேச்சு. மாதம் 6,000 பவுண்டு வாடகை என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 60,000 ஆக வேண்டும். ஆளுக்கு 12 பவுண்டு பில் என்றால் 5,000 பேர். 26 நாள் திறந்தால் தினம் 190 பேருக்கு மேல், செவ்வாய்க்கிழமை உட்பட. தோசைக் கடையில் தலைக்குப் பில் சின்னது. அதற்கேற்ற வாடகை சந்துக்குள்தான் கிடைக்குமென்றால் சந்துக்குள் போகலாம், மத்தியானம் அந்த வழியாய் ஆள் நடந்தால் போதும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் சாதாரணக் கடையை உணவகமாக்கத் தனி உபயோக அனுமதி வேண்டாம். ஆனால் புகைக்குழாயை வெளிச்சுவரில் ஏற்ற அனுமதி வாங்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர் எதிர்த்தால் தோசைக்கல்லே சூடாகாது. அட்வான்ஸ் பேசுமுன் பார்க்க வேண்டியது அது.

அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை லீவு போடு. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்தக் கடை வாசலில் நில். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் கையில் சாப்பாட்டுப் பொட்டலம், அதை எங்கே வாங்கினார்கள் என்று நோட்டில் எழுது. தமிழரா, இல்லையா என்று எழுத வேண்டாம்.

போன செவ்வாய் ஈஸ்ட் ஹாமில் நின்றிருக்கிறான். வருகிற செவ்வாய்க்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலைப் பார்த்து வைத்திருக்கிறான்.