லீவு கேட்டால் பாசம் குறைந்துவிடுமா?

“பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. இதில் அரசாங்கத்துக்கும் ஆபீசுக்கும் என்ன வேலை?” வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் படுத்திருக்கும் தாய் தகப்பனையும் கவனிப்பவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டால் உடனே இந்தப் பதில் வருகிறது. கூடவே சில காரணங்களும் வருகின்றன.

அந்தக் காலத்தில் எல்லாரும் சலுகை கேட்டா பார்த்தார்கள் என்பது முதல் காரணம். யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் மருமகள்களும் வீட்டோடு இருந்த மகள்களும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாலைந்து பிள்ளைகள் முறைவைத்துக்கொள்ளவும் முடிந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. 2011இல் நூற்றில் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது பதினெட்டாகும் என்று கணித்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவரையும் இன்றைய மருத்துவம் பல ஆண்டு காப்பாற்றி வைக்கிறது. அது பெரிய வரம். ஆனால் அத்தனை ஆண்டும் படுக்கைப்புண் வராமல் ஒருவர் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்க வேண்டும்.

கடமைக்கு உதவி கேட்கக் கூடாது என்பது அடுத்தது. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற வாதம். இந்தக் கடமையைச் சட்டமே சுமத்தியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, மூத்த குடிமக்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. சரியான சட்டம். ஆனால் கடமையைச் செய்ய நேரம் யார் தருவது? மத்திய அரசுப் பெண் ஊழியர் குழந்தைகளைக் கவனிக்கப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு எடுக்கலாம். பெற்றோருக்காக அப்படித் தனி விடுப்பு இல்லை. கையிருப்பில் உள்ள ஈட்டிய விடுப்பைத்தான் கரைக்க வேண்டும். அரசு வேலைக்கே இந்த நிலை என்றால் ஜவுளிக்கடையிலும் பனியன் கம்பெனியிலும் நிற்பவர்களுக்குச் சம்பளப் பிடித்தம்தான்.

உதவி வந்தால் பாசம் போய்விடும் என்ற அச்சமும் வீண். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. அதனால் மிச்சமாகும் நேரத்தில் மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார முடிகிறது.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பவர்கள் ஹோம் நர்ஸின் மாதச் சம்பளத்தை ஒருமுறை விசாரிக்கட்டும். பல வீடுகளில் சம்பாதிப்பவரின் மொத்தச் சம்பளமே அவ்வளவுதான்.

நிறுவனங்கள் தாங்காது என்கிறார்கள். ஜப்பானில், கவனிப்பு தேவைப்படும் ஒவ்வொரு உறவினருக்காகவும் 93 நாள் விடுப்பு உண்டு. மூன்று தவணையாகவும் எடுக்கலாம். அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 67 சதவீதத்தைத் தருவது வேலைவாய்ப்புக் காப்பீடு. முதலாளியின் தலையில் முழுச் சுமையும் விழுவதில்லை. அப்படியும் முதியோரைப் பார்க்க வேலையை விடுபவர்கள் அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர். பழகிய தொழிலாளியை இழப்பதும் நிறுவனத்துக்கு நஷ்டம்தானே.

நம்மிடமும் இதற்கான வழி இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் உள்ள தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. அவரைச் சார்ந்திருக்கும் தாய் தகப்பனுக்கு வைத்தியமும் உண்டு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்கும் அந்த ஊதியத்தைத் தர விதியைத் திருத்த வேண்டும். பதினைந்து நாள் என்று தொடங்கினாலும் போதும்.