‘விமானியின் பிழை’ எண்டு கதையை முடிக்காதேங்கோ

2024 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, பிரேசிலின் வின்யேடு நகரத்தில் ஒரு விமானம் காய்ந்த இலைபோலச் சுழன்று விழுந்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயிறு நிலத்தைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கியது. உள்ளே 62 பேர். ஒருவரும் தப்பவில்லை. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் எழுதியதில் இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, “பிரேசில்ல ஏது ஐஸ்?” மற்றது, “பைலட் ஏதோ பிழை விட்டிட்டான்.” முதலாவதுக்குப் பதில் சொல்லுறது சுகம். இரண்டாவதோடதான் எங்களுக்குச் சண்டை.

வெப்ப வலய நாடுகளில்கூட ஏறத்தாழ 16,000 அடிக்கு மேலே போனால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிரேசிலின் தெற்கில் ஓகஸ்ட் குளிர்காலம், அதனால் அந்த எல்லை இன்னும் கீழே. அந்த விமானம் 17,000 அடியில் பறந்தது. முகிலுக்குள் இருக்கும் நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே போன உடனே உறைந்துவிடுவதில்லை. நீராகவே மிதந்துகொண்டிருக்கும்; ஏதாவது வந்து முட்டினால் அந்தக் கணமே உறையும். வந்து முட்டுவது விமானத்தின் இறக்கை. ஐஸின் பாரம்தான் ஆபத்து என்று கனபேர் நினைக்கிறார்கள். பாரத்தை விட மோசமானது வடிவம் கெடுவது. இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய சொரசொரப்புப் படிந்தாலே காற்று அதன்மேல் ஒட்டி ஓடாது. நேற்றுவரை பாதுகாப்பாக இருந்த வேகம் இன்று போதாமல் போகும்.

பெரிய ஜெட் விமானங்களும் இந்த முகில்களைக் கடந்துதான் போகின்றன. ஆனால் அவை ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் 30,000 அடிக்கு மேலே, ஐஸ் பிடிக்கும் முகில்களுக்கு அப்பால். இறக்கையின் விளிம்பைச் சூடாக்க எஞ்சினில் இருந்து சூடான காற்றும் தாராளமாக எடுக்கலாம். ஏ.ரி.ஆர் போன்ற டேர்போபுரொப் விமானங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் முன்விளிம்பில் றப்பர் உறை ஒன்று இருக்கிறது. காற்றடித்து அதை ஊதவைத்தால் மேலே படிந்த ஐஸ் உடைந்து கொட்டும். பறப்பதும் நடு உயரத்தில், அதாவது முகிலுக்குள்ளேயே மணிக்கணக்காக. சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் ஓடுவதும் இதே ஏ.ரி.ஆர் 72 இனம்தான். பயப்படுத்தவென்று சொல்லவில்லை, அது நல்ல விமானம், உலகம் முழுக்க ஓடுது. சிறிய ஊர்களுக்கும் குறைந்த செலவில் பறக்கிற சனத்துக்கும் கிடைக்கிற விமானம் எது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்ப விதிகளுக்கு வருவம். ஐஸ் இருக்கும் முகிலுக்குள் போகும் டேர்போபுரொப் விமானிக்கு இன்று சொல்லப்படுவது ஏறத்தாழ இதுதான்: ஐஸின் முதல் அடையாளம் கண்ட உடனே றப்பர் உறைகளை இயக்கு, ஐஸுக்கென்று குறித்த குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே ஒருபோதும் போகாதே, ஃபிளாப்பை இறக்கிவிட்டபடி முகிலுக்குள் வட்டமிட்டுக் காத்திருக்காதே. பக்கக் கண்ணாடியில் ஐஸ் படிந்தால் அது கடுமையான ஐஸ். ஓட்டோபைலட்டைக் கழற்று, வேகத்தைக் கூட்டு, உடனே வெளியே போ, கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அறிவி. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் விமானியைப் பார்த்துச் சொல்லப்படும் கட்டளை. விமானம் செய்தவனைப் பார்த்தும், அதற்குச் சான்றிதழ் கொடுத்தவனைப் பார்த்தும் சொல்லவேண்டிய விதி எங்கே? அந்த விதி வர எவ்வளவு காலம் எடுத்தது என்று பார்த்தால் கோபம் வருகிறது.

1994 ஒக்டோபர் 31. இண்டியானாபொலிஸில் இருந்து சிக்காகோவுக்குப் போன அமெரிக்கன் ஈகிள் 4184 விமானம், ஒரு ஏ.ரி.ஆர் 72. சிக்காகோவில் நெரிசல் என்று 10,000 அடியில் வட்டமிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்துக்கும் மேலே அதே முகிலுக்குள். மூக்கு நிமிர்ந்திருந்ததால் ஃபிளாப்பை 15 பாகை இறக்கிவிட்டார்கள். பிறகு 8,000 அடிக்கு இறங்கச் சொன்னபோது வேகம் கூடி எச்சரிக்கை ஒலித்தது. ஃபிளாப்பை உள்ளே எடுத்தார்கள். அந்த நொடியில் வலது இறக்கையின் அயிலரோன், அதாவது விமானத்தைச் சரிக்கும் பலகை, தானாக இழுபட்டது. விமானம் புரண்டு, றோஸ்லோன் என்ற ஊருக்கு அருகே சோயா வயலில் விழுந்தது. 68 பேர்.

நடந்தது என்ன? துளிகள் பெரியவை. சாதாரண முகில் துளி முன்விளிம்பில் முட்டிய இடத்திலேயே உறையும். றப்பர் உறை அதை உடைத்துவிடும். தூறல் துளி அப்படியில்லை. கொஞ்சத் தூரம் பின்னுக்கு ஓடி, உறை முடிகிற இடத்துக்கு அப்பால் போய் உறைந்து ஒரு வரம்பு கட்டும். உறை எவ்வளவு ஊதினாலும் அந்த வரம்பில் கை வைக்க முடியாது. ஏ.ரி.ஆரின் வெளி இறக்கையில் அந்த உறை இறக்கையின் அகலத்தில் 7 வீதம்வரைதான் மூடியிருந்தது. விபத்துக்குப் பிறகு 12.5 வீதமாக்கினார்கள். பிறகு!

இந்த மாதிரித் துளிகளில் விமானத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று அன்றைய விதி கேட்கவேயில்லை. ஐஸுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதி 1940களில் செய்த ஆய்வுகளின்மேல் கட்டப்பட்டது. சுமார் 40, 50 மைக்ரோன் அளவுத் துளிகளோடு அது நின்றுவிட்டது. இது ஒருத்தருக்கும் தெரியாத ஓட்டை இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1981 இலேயே இந்த அளவுகோலை மீளாய்வு செய்யும்படி அந்நாட்டு வான் போக்குவரத்து நிர்வாகத்திடம், அதாவது எஃப்.ஏ.ஏ இடம், கேட்டிருந்தது. 1988 டிசெம்பரில் விஸ்கொன்சினில் ஒரு ஏ.ரி.ஆர் 42 உறைமழையில் புரண்டு தப்பியது. தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் விமானிகளுக்கு முழுசாய்ச் சொல்லவில்லை. இது எங்கள் சொந்தக் குற்றச்சாட்டு இல்லை. 1996 இல் வந்த விசாரணை அறிக்கையே ஏ.ரி.ஆர் நிறுவனம் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை இயக்குபவர்களுக்கு முழுமையாக வெளியிடவில்லை என்றும், பிரெஞ்சு, அமெரிக்க அதிகாரிகளின் மேற்பார்வை போதாது என்றும் எழுதியது.

பிரெஞ்சு விசாரணைப் பிரிவு இதை ஏற்கவில்லை. விமானிகள் ஃபிளாப்பை இறக்கிவிட்டு அவ்வளவு நேரம் காத்திருந்ததும், வேலையில் கவனம் இல்லாமல் கதைத்துக்கொண்டிருந்ததும்தான் காரணம் என்றது. நியாயமாக இந்தப் பக்கத்தையும் கேட்கவேண்டும். விமானிகள் இன்னும் விழிப்பாக இருந்திருக்கலாம், சரி. ஆனால் ஐஸுக்குள் ஃபிளாப்போடு காத்திருக்காதே என்ற தடை அந்த விபத்துக்குப் பிறகுதான் எழுதப்பட்டது. இல்லாத விதியை மீறினாய் என்று செத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்துறது எந்த ஊர் நியாயம்?

பெரிய துளிகளில் விமானம் பாதுகாப்பானது என்று நிரூபிக்கவேண்டும் என்ற சான்றிதழ் விதியை எஃப்.ஏ.ஏ வெளியிட்டது 2014 நவம்பரில். றோஸ்லோன் நடந்து 20 வருடம் கழித்து. அந்த வயலில் விழுந்த நாளில் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும். அப்படி வந்த விதியும் புதிதாகச் சான்றிதழ் கேட்கும் விமான வகைகளுக்குத்தான். ஏற்கெனவே பறப்பவை பழைய அளவுகோலிலேயே தொடரலாம். அவற்றுக்கு 1996 இல் கிடைத்தது வேறொன்று: இன்ன அடையாளம் தெரிந்தால் வெளியே போ என்று விமானியின் கைநூலில் ஒட்டிய பக்கங்கள். தூறல் துளியில் பறந்து காட்டவேண்டிய பொறுப்பை இப்படித்தான் தயாரிப்பாளரின் மேசையில் இருந்து தூக்கி, இருட்டில் பக்கக் கண்ணாடியை டோர்ச் அடித்துப் பார்க்கும் இரண்டு பேரின் மடியில் வைத்தார்கள்.

றப்பர் உறையின் கதை இன்னும் மோசம். ஐஸ் மெல்லிசாக இருக்கும்போது உறையை ஊதினால் ஐஸ் உடையாமல் உறைக்கு மேலே பாலம்போல் நின்றுவிடும், ஆகவே கொஞ்சம் தடிக்கும்வரை பொறு என்று ஒரு தலைமுறை விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மெதுவாக ஊதிய பழைய காலத்து உறைகளை வைத்து வந்த நம்பிக்கை அது. எம்ப்ரேயர் நிறுவனம் தன் ஈ.எம்.பி 120 விமானத்தின் கைநூலை 1996 இல் திருத்தி, முதல் அடையாளத்திலேயே இயக்கு என்று எழுதியது. கொம்எயர் என்ற விமானக் கம்பனி அந்தத் திருத்தத்தைத் தன் விமானிகளின் நூலில் சேர்க்கவில்லை. 1997 ஜனவரி 9, டிட்ரோயிட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த கொம்எயர் 3272 மிச்சிகனில் விழுந்தது. 29 பேர். இறக்கையில் படிந்திருந்தது மெல்லிய, சொரசொரப்பான ஐஸ். வேகம் குறைந்துகொண்டு போனதையும் விமானம் சரிய முயன்றதையும் ஓட்டோபைலட் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே இருந்தது, முடியாத கட்டத்தில் கழன்றது. அதற்குப் பிறகு விமானிகளின் கைக்கு வந்தது காப்பாற்ற முடியாத விமானம். இந்த விபத்தில் விசாரணைச் சபை எஃப்.ஏ.ஏ மீதே நேரடியாக விரலை நீட்டியது: ஐஸுக்கான தகுந்த சான்றிதழ் அளவுகோலை வைக்கவில்லை, திருத்திய நடைமுறை கம்பனிகளில் நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்கவில்லை, ஐஸுக்கான குறைந்தபட்ச வேகத்தைக் கட்டாயமாக்கவில்லை. உறையை எப்போது இயக்கவேண்டும் என்பதை விமானக் கம்பனிகளுக்குச் சட்டமாக்க 2011 ஆனது. இன்னொரு 14 வருடம்.

“அப்ப விமானி பிழையே விடுறதில்லையோ?” என்று கேட்பீர்கள். விடுவார்கள். 2009 பெப்ரவரி 12 இரவு பஃபலோவுக்கு அருகே விழுந்த கோல்கன் 3407 ஐ எடுங்கள். நிலத்தில் இருந்த ஒருவரோடு 50 பேர் இறந்தார்கள். அது கியூ400 என்ற டேர்போபுரொப். ஐஸ் இருந்தது, ஆனால் விமானம் அதைத் தாங்கியது. ஐஸுக்காக எச்சரிக்கையை முன்கூட்டியே ஒலிக்கவைக்கும் ஆளி போடப்பட்டிருந்தது. இறங்கும் வேகத்தை மட்டும் அதற்கேற்பக் கூட்டவில்லை. எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி முன்னுக்குத் தள்ளவேண்டிய பிடியைப் பின்னுக்கு இழுத்தார். பிழை, அதில் சந்தேகமில்லை. அந்த அறிக்கையும் அதைத்தான் முதலில் சொன்னது. ஆனால் அதே அறிக்கை, ஐஸில் இறங்கும்போது வேகத்தைத் தெரிவுசெய்யக் கம்பனி வைத்திருந்த நடைமுறை போதாதது என்பதையும் பங்களித்த காரணமாக எழுதியது. துணை விமானி வேலைக்கு வருவதற்காக நாட்டின் மறு கரையான சியாற்றிலில் இருந்து இரவிரவாகச் சரக்கு விமானங்களில் ஏறி வந்திருந்தார். இருவரின் களைப்பும் செயற்பாட்டைப் பாதித்திருக்கும் என்று சபை சொன்னது. ஒரு ஆளியை வேகத்தோடு பொருத்திப் பார்க்க மறந்த மூளைக்கு நித்திரை கிடைத்ததா என்று கேட்காமல், பிழை பிழை எண்டு மட்டும் சொல்லி என்ன கண்டம்? எங்கட ஊரில் பஸ் கவிழ்ந்தாலும் ‘சாரதியின் கவனயீனம்’ என்ற இரண்டு சொல்லோடு செய்தி முடிவதுபோலத்தான்.

திரும்ப வின்யேடுவுக்கு. அடுத்த மாதமே பிரேசில் விமானப்படையின் விசாரணைப் பிரிவு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. ஐஸ் அகற்றும் கருவி பலமுறை இயக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் இருக்கிறது. நிறைய ஐஸ் என்று துணை விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. வேகம் குறைவு, செயற்திறன் குறைவு, வேகத்தைக் கூட்டு என்று எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. விமானிகள் அவசரநிலை அறிவிக்கவில்லை. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதினவர்கள் ஏராளம். அதே அறிக்கையில் வேறொன்றும் இருந்தது. காற்றமுக்கத் தொகுதி இரண்டில் ஒன்று வேலை செய்யாததால் அந்த விமானம் 17,000 அடிக்கு மேலே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் புறப்பட்டது. ஐஸைக் கண்டால் வெளியே போ என்கிறது விதி. மேலே போகும் கதவைக் கம்பனி தரையிலேயே பூட்டிவிட்டது. கீழே போகும் கதவு கட்டுப்பாட்டு நிலையத்தின் கையில். இறங்கும் நேரம் வந்தபோது அதே உயரத்தில் இருக்கச் சொல்லப்பட்டது. சட்டப்படி எல்லாம் சரி. பழுதோடு பறக்க அனுமதி உண்டு, காத்திருக்கச் சொல்லவும் அனுமதி உண்டு. இந்தச் சரிகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, இன்றைக்கு இந்தப் பாதையில் ஐஸ் இருக்கு, இந்த விமானத்தை அனுப்பாதே என்று தரையில் ஒருவர் சொல்லக் கடமைப்பட்டிருந்தாரா?

எங்களுக்கு வேண்டிய விதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஐஸ் எதிர்பார்க்கப்படும் பாதையில், உயரத்தை மாற்ற முடியாத பழுதோடு டேர்போபுரொப் விமானம் புறப்படக்கூடாது. பெரிய துளி விதி பறந்துகொண்டிருக்கும் பழைய வகைகளுக்கும் பொருந்தவேண்டும். நிரூபிக்க முடியாத விமானம் அந்த வானிலைக்குள் அனுப்பப்படக்கூடாது. முடியாத காரியம் என்று சொல்லுவார்கள். 1994 டிசெம்பரில் ஏ.ரி.ஆர்கள் ஐஸ் எதிர்பார்க்கப்படும் வானிலைக்குள் போகக்கூடாது என்று எஃப்.ஏ.ஏ தடுத்தபோது, அமெரிக்கன் ஈகிள் தன் ஏ.ரி.ஆர்களைத் தெற்கே சூடான பகுதிகளுக்கு மாற்றிவிட்டு வேறு விமானங்களை வடக்கே கொண்டுவந்தது. செலவாகியது, ஓடியது. அடுத்த ஜனவரியிலேயே தடை நீங்கியது.

வின்யேடுவில் விழுந்த விமானத்தின் கம்பனியான வோபாஸின் பறப்புகளைப் பிரேசில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2025 மார்ச்சில் நிறுத்தியது. ஜூனில் அதன் இயக்குநர் சான்றிதழை ரத்துச் செய்தது. ஓகஸ்டில் 62 பேர் ஏறும்போது அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது.