ஆணையாளர் போதும் என்பவர்களுக்கு

"மெம்பர்மார் இல்லாம ஊர் நல்லாத்தானே இரிக்கி." கிழக்கிலங்கையின் கல்முனையில், சாய்ந்தமருதில், மருதமுனையில், நற்பிட்டிமுனையில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரம் கழியாது. தேநீர்க் கடையில் சொல்கிறார்கள். இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும்போது சொல்கிறார்கள். படித்து உத்தியோகம் பார்ப்பவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். குப்பை வண்டி வருகிறது, வீதி விளக்கு எரிகிறது, சபையில் கூச்சல் இல்லை, கொந்தராத்தில் கமிஷன் இல்லை, ஒரு மாநகர ஆணையாளரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், பிறகு எதற்கு இத்தனை உறுப்பினர்கள் என்கிறார்கள்.

நான் இதை மறுக்கிறேன். சொல்பவர்களில் பலர் நேர்மையானவர்கள் என்று தெரிந்தும் மறுக்கிறேன். நேர்மையானவர்கள் சொல்வதால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். கல்முனை மாநகர சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி. அந்தச் சபையின் நான்கு ஆண்டுக் காலம் முடிந்து, இன்னும் ஓர் ஆண்டு நீட்டப்பட்டு, 2023 மார்ச் 19 நள்ளிரவோடு நாட்டின் மற்றச் சபைகளோடு சேர்ந்து அதுவும் கலைந்தது, நிர்வாகம் ஆணையாளரின் கைக்கு வந்தது. அந்த மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், காசில்லை என்று அரசாங்கம் கைவிரித்ததால் நடக்கவில்லை. அப்படி நடத்தாமல் விட்டது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் நாடு முழுவதும் 339 சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. கல்முனையில் நடக்கவில்லை. வழக்கொன்று நிலுவையில் இருந்ததால் எங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்றைக்கு சாய்ந்தமருதுக்கும் மாளிகைக்காட்டுக்கும் நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். ஜும்ஆப் பெரிய பள்ளிவாசலுக்கே இரண்டு ஊரின் பெயரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குள் வருகிறது, சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள் வருகிறது. எல்லையின் அந்தப் பக்கத்து வாப்பா விரலில் மையோடு வீட்டுக்குத் திரும்பினார். இந்தப் பக்கத்தில் கலியாணம் கட்டிக் குடியிருக்கும் அவருடைய மகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை. நிந்தவூர் வாக்களித்தது, சம்மாந்துறை வாக்களித்தது, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் வாக்களித்தன. கரையோரத்தின் பெரிய பட்டணமான கல்முனை கடையைத் திறந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாளுக்குப் பிறகும் "நல்லாத்தானே இரிக்கி" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை, ஆளுநரே மாகாணத்தை நிர்வகிக்கிறார். ஆக, சபை கலைந்த நாளிலிருந்து கல்முனை வாக்காளருக்கு வட்டாரத்தில் ஆளில்லை, மாகாணத்திலும் ஆளில்லை. மிஞ்சுவது பாராளுமன்றம். திகாமடுல்ல மாவட்டம் முழுவதற்கும் அங்கே 7 பேர். பெரிய நீலாவணையில் வடிகான் அடைத்து முற்றத்தில் தண்ணீர் ஏறினால், அம்பாறையும் பொத்துவிலும் சேர்ந்த ஒரு மாவட்டத்தின் எம்.பி.யைத் தேடிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"வேல நடக்குதானே" என்பது அவர்களுடைய பெரிய ஆதாரம். நடக்கிறது, உண்மைதான். குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் சபை இருந்த காலத்திலும் ஊழியர்கள் செய்த வேலைகள். சபைக்கென்று இருப்பது வேறு வேலை. இந்த வருடம் எந்தத் தெருவுக்கு வடிகான், எதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது? சோலை வரியை உயர்த்துவதா, யாருக்குச் சலுகை கொடுப்பது? பொதுச் சந்தையை என்ன செய்வது? நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? இவையெல்லாம் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லை என்று சொல்லும் முடிவுகள். முடிவெடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும், அவர் நம் தெரு வழியாகவே நடந்து போக வேண்டும், அடுத்த தேர்தலில் நம் முகத்தில் விழிக்க வேண்டும். ஆணையாளர் நல்லவராகவே இருக்கட்டும், இரவு பகலாக உழைப்பவராகவே இருக்கட்டும். அவரை நாங்கள் தெரிவு செய்யவில்லை, விலக்கவும் முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு. நாளைக்கு இடமாற்றம் வந்தால் கோப்புகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார், அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்.

குப்பையையே எடுத்துக்கொள்வோம். நம் வாசலிலிருந்து வண்டி கிளம்பியதும் பிரச்சினை தீர்ந்தது என்று கதவைச் சாத்திவிடுகிறோம். வண்டி போவது தெற்கே, அட்டாளைச்சேனைப் பிரதேசத்தின் பள்ளக்காட்டுக்கு. சுற்றியுள்ள பல ஊர்களின் கழிவும் அங்கேதான் மலையாகக் குவிகிறது. அந்தக் குப்பை மேட்டில் யானைகள் கூட்டமாக நின்று பொலித்தீன் பைகளோடு சேர்த்து மிச்சச் சோற்றைத் தின்னும் படங்கள் 2022 ஜனவரியில் உலகமெங்கும் வெளியாகின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்தன என்று அப்போது செய்தி வந்தது. அந்தப் பைகளில் எங்கள் கடைகளின் பைகளும் இருந்திருக்கும். இது ஓர் ஊர் தனியாகத் தீர்க்கக்கூடிய காரியமில்லை. சபைகள் எதிரெதிரே உட்கார்ந்து, யார் எவ்வளவு கொட்டுவது, யார் எவ்வளவு செலவழிப்பது, எங்கே தரம் பிரிப்பது என்று பேசித் தீர்க்க வேண்டும். அட்டாளைச்சேனையின் உறுப்பினர்கள் தங்கள் மக்களின் வாக்கோடு அந்த மேசைக்கு வருவார்கள். கல்முனையின் பக்கம் உட்காருபவர் யாருடைய பெயரில் வாக்குறுதி கொடுப்பார்? வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று நம்மிடம் வந்து கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

இனிக் கமிஷன் பேச்சுக்கு வருவோம். உறுப்பினர்கள் எல்லாரும் சுத்தமானவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மேயர் கதிரைக்காக நடந்த பேரங்களை ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தப் பேரங்கள் நமக்கு எப்படித் தெரிய வந்தன? எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார், மாதாந்தக் கூட்டத்தில் கேள்வி வந்தது, கூட்டறிக்கையில் பதிந்தது, பத்திரிகைக்குப் போனது. அந்தக் கூச்சல்தான் நமக்கு எரிச்சல் தந்தது. அறை அமைதியாக இருப்பதை வைத்து அறைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எப்படி முடிவு கட்டுவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது, உண்மை. ஆனால் எந்தக் கோப்பைக் கேட்பது என்று தெரிந்தவன்தான் விண்ணப்பம் எழுத முடியும். அதை நமக்குக் காட்டித் தருவது சபையில் எழும் சண்டைதான்.

ஊழலுக்கு மருந்தாகச் சபையை மூடிய ஊர் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1973 இல் சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பது குற்றச்சாட்டு. மாமன்றம் கலைக்கப்பட்டது. கொஞ்ச நாளைக்குத் தனி அதிகாரி பார்க்கட்டும் என்று அன்றைக்கும் நல்லவர்கள் சொல்லியிருப்பார்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தல் 1996 இல்தான் நடந்தது. கலைத்த வருடம் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்துமூன்று. தப்புச் செய்தவர்கள் சிலர், தண்டனை அனுபவித்தது ஒரு மாநகரத்தின் இரண்டு தலைமுறை வாக்காளர். அதோடும் முடியவில்லை. 2016 ஒக்டோபரில் காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பெப்ரவரி வரை தேர்தல் இல்லை. ஒருமுறை மூடிப் பழகிவிட்டால் மறுமுறை மூடுவது எவ்வளவு இலேசு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கேயும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 இல் பதினேழு வயதில் இருந்த கல்முனைப் பிள்ளைக்கு 2025 மே மாதத்தில் இருபத்துநான்கு வயது. தன் ஊர்ச் சபைக்கு அந்தப் பிள்ளை ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

"சபை இருந்தா ஊர்ச் சண்டதான்" என்பது இன்னொரு வாதம். சாய்ந்தமருதா கல்முனையா, முஸ்லிமா தமிழா என்ற இழுபறியைத்தான் சொல்கிறார்கள். 1987 வரை இங்கே கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளுமாக நான்கு சபைகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கினார்கள், 2001 இல் மாநகர சபையாக உயர்த்தினார்கள். தனிச் சபை வேண்டும் என்ற சாய்ந்தமருதின் கோரிக்கை அந்த இணைப்பிலிருந்து வளர்ந்தது. 2018 இல் அந்த ஊர் சுயேச்சைக் குழுவொன்றை இறக்கி 9 ஆசனங்களை எடுத்தது. அந்தக் கோரிக்கை சரியா பிழையா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, இங்கே அது தேவையில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. ஓர் ஊரில் வெடி கொளுத்தினார்கள், பக்கத்து ஊர் கொதித்தது. சில நாள்களில் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. கொடுத்ததும் கொழும்பு, பறித்ததும் கொழும்பு. இரண்டு தடவையும் இரண்டு ஊரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை. சபையை மூடினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். சண்டை அப்படியே இருக்கிறது. ஊருக்குள் இருந்த சண்டை அமைச்சரின் அறைக்கும் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது, அங்கே எங்கள் குரல் சட்டத்தரணி வழியாகத்தான் கேட்கும். பாண்டிருப்பிலும் சேனைக்குடியிருப்பிலும் இருக்கும் தமிழ் மக்களுக்கும் இதே நிலைதான். சபையில் அவர்களுடைய உறுப்பினர்கள் எங்கள் உறுப்பினர்களோடு முகத்துக்கு முகம் முரண்பட்டார்கள். முரண்பட்டவர்கள் தேநீர் இடைவேளையில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு மேசையும் இப்போது இல்லை.

பெண்களைப் பற்றி இந்த "ஆணையாளர் போதும்" ஆட்கள் பேசுவதே இல்லை. 2018 க்கு முன் நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 25 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகுதான் எங்கள் ஊர்களில் ஒரு ராத்தாவோ ஒரு டீச்சரோ உறுப்பினர் என்ற பெயரோடு சபைக்குள் போக முடிந்தது. பட்டியலை நிரப்பப் போட்ட ஆள் என்று சிலர் இளக்காரமாகப் பேசினார்கள். பேசட்டும். கணவனை இழந்த ஒரு பெண் தன் வளவுக்குள் ஓடும் கழிவு நீரைப் பற்றிச் சொல்ல அந்த உறுப்பினரின் வீட்டுக் குசினி வரைக்கும் போகலாம். மாநகர சபை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, இலக்கம் வாங்கிக்கொண்டு வர அவளால் முடியுமா? எத்தனை பேரால் முடிகிறது? கதவு தட்ட இருந்த வீட்டையும் பூட்டிவிட்டு ஊர் நன்றாக இருக்கிறது என்கிறோம்.

மெம்பர்மார் வேண்டாம் என்ற எண்ணத்துக்கெல்லாம் வேர் இன்னொரு நம்பிக்கையில் இருக்கிறது: நல்ல மனிசன் எலக்ஷன் கேட்க மாட்டான். இதைத் தகப்பன் மகனுக்குச் சொல்கிறான், மாமனார் மருமகனுக்குச் சொல்கிறார். விருப்பு வாக்குக் காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. நீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரை சுவரொட்டி ஒட்டவும் வாகனம் ஓடவும் காசுள்ளவன்தான் அன்றைக்கு வெல்ல முடிந்தது, சொந்தக் கட்சிக்காரனையே அவன் அடித்து விழுத்த வேண்டியிருந்தது. 2018 இல் முறை மாறியது. உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரத்திலிருந்து, 40 சதவீதம் பட்டியலிலிருந்து. வட்டாரம் என்றால் சில தெருக்கள். அங்கே ஒருவரை எல்லாருக்கும் தெரியும், அவர் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தாரா என்பதும் தெரியும். வீடு வீடாக நடந்தே வாக்குக் கேட்டு முடித்துவிடலாம். இந்த முறையைக் கல்முனை ஒரேயொரு தடவைதான் பாவித்துப் பார்த்திருக்கிறது. ஒரு தடவையிலேயே, அதுவும் நல்லவர்கள் பலர் வீட்டுக்குள் இருந்துகொண்ட ஒரு தேர்தலை வைத்து, மெம்பர்மாரே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். நல்லவன் கேட்க மாட்டான் என்று நாமே சொல்லி வைத்து, பிறகு வந்தவன் நல்லவனில்லை என்று முறையிடுகிறோம்.

தனிச் சபை கேட்பவர்களிடமும் அதை எதிர்ப்பவர்களிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். தனிச் சபைப் பிரச்சினை எந்தப் பக்கம் முடிந்தாலும் முடியட்டும். அதுவரைக்கும் வாக்கு நிற்கக் கூடாது என்று இரண்டு ஊரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் அரசாங்கத்துக்கும் அனுப்பலாம். இரண்டு பள்ளிவாசல் நிருவாகங்களும், வர்த்தக சங்கமும், பாண்டிருப்பின் கோயில் நிருவாகமும் அதில் சேரலாம். ஒரு விடயத்திலாவது எல்லாரும் சேர்ந்து நின்றதைக் கொழும்பு பார்க்கட்டும்.

வேட்பாளர் தேடும் வேலையைத் தேர்தல் அறிவித்தல் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும். 2025 மார்ச்சில் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான வேட்புமனுக்கள் தள்ளுபடியாகின, பலவற்றில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி போன்ற சின்னக் குறைகள்தான். கடைசி நாளில் ஆள் பிடிக்கும் பட்டியலில் பெண்ணின் பெயரும் இளைஞரின் பெயரும் எண்ணிக்கைக்காகத்தான் ஏறும். உங்கள் தெருவில் கணக்கு வழக்குச் சுத்தமான ஒரு ராத்தா இருக்கிறாரா, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்து ஒரு சதமும் பிசகாதவர் யார், வெள்ளத்துக்குப் படகு கொண்டுவந்த பையன் யார்? அவர்களிடம் இப்போதே போய்க் கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார்கள். அவர்களுடைய வீட்டில் உம்மா தடுப்பார், புருஷன் தடுப்பார். அந்த உம்மாவிடமும் புருஷனிடமும் இன்னொரு தடவை போய் உட்கார்ந்து பேசுங்கள்.