ரிலே வாங்கப் போகிறவர்களுக்கு...

மழைக்காலத்தில் தெருவில் மின்கம்பி அறுந்து விழுகிறது. விழுந்த ஒன்றிரண்டு நொடியில் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் திறந்துவிட்டால் அது வெறும் கம்பி. திறக்காவிட்டால் மறுநாள் பேப்பரின் ஆறாம் பக்கத்தில் நாலு வரிச் செய்தி: "மின்கம்பியை மிதித்தவர் பலி." இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பாதுகாப்பு ரிலே.

ப்ரொடெக்ஷன் பேப்பரைப் பரீட்சையோடு மறந்துவிட்டவர்களுக்காக ஒரு சின்ன நினைவூட்டல். சி.டி. வழியாக வரும் மின்னோட்டத்தை ரிலே பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் பிரேக்கருக்கு 'திற' என்று சொல்லும். வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, சில நொடிகள் மட்டும் வேலை செய்கிற சாமான் இது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பல்பு போனால் இருட்டே சொல்லிவிடும். பழைய ரிலே செத்துப்போனால் அடுத்த ஃபால்ட் வரும் வரை யாருக்கும் தெரியாது.

இப்போது பல இடங்களில் பழைய ரிலேக்களைக் கழற்றிவிட்டு நியூமெரிக்கல் ரிலே போடுகிறார்கள். போட வேண்டியதுதான். ஆனால் அதை வாங்குகிற விதம் ஃபேன் வாங்குகிற மாதிரி இருக்கிறது: இத்தனை பெட்டி, பெட்டிக்கு இத்தனை ரூபாய், யார் குறைவாகச் சொல்கிறார்களோ அவருக்கு ஆர்டர். பெட்டி வந்து இறங்கியதும் வேலை முடிந்ததாக ஃபைல் மூடப்படும். உண்மையில் அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

பழசு என்றால் எது? உள்ளே ஒரு அலுமினியத் தட்டு சுழலும் சி.டி.ஜி. ரகம். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் தயாராகி நாடு முழுக்கப் போனவை. அந்தக் கம்பெனி 1968-ல் ஜி.இ.சி.யோடு சேர்ந்தது. பிறகு 1989-ல் ஜி.இ.சி. ஆல்ஸ்தாம், 1998-ல் ஆல்ஸ்டாம், 2004-ல் அரேவா, 2010-ல் மறுபடி ஆல்ஸ்டாம், 2015-ல் ஜி.இ. என்று பெயர்ப்பலகை மாறிக்கொண்டே வந்தது. தட்டு மட்டும் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கிறது! முப்பது நாற்பது வருடம் உழைத்தவை உண்டு. அதற்காக "பழசுதான் கெட்டி" என்று அம்பாசிடர் காரைப் பற்றிப் பேசுகிற தொனியில் பேசுவதும் சரியில்லை. தட்டில் தூசி படிந்து, ஸ்ப்ரிங் தளர்ந்து, வருடக்கணக்கில் டெஸ்ட் செய்யாமல் கிடக்கும் ரிலேயை நம்புவது வெறும் நம்பிக்கைதான்.

புதியதில் லாபம் நிறைய. மூன்று ஃபேஸ், எர்த் ஃபால்ட் எல்லாம் ஒரே பெட்டியில். ஃபால்ட் வந்தபோது என்ன நடந்தது என்று பதிவு இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், தனக்குள் கோளாறு வந்தால் வாட்ச்டாக் காண்டாக்ட் மூலம் தானே அலறும். (அந்த வயரை அலாரத்தோடு இணைத்திருந்தால்! இணைக்காமல் விட்டால் புது ரிலேயும் சத்தமில்லாமல் சாகும்.) ஆனால் அளப்பதற்கே அதற்கு பேட்டரி சப்ளை வேண்டும். பழையது சி.டி. மின்னோட்டத்திலேயே அளந்துவிடும். பேட்டரி டிரிப் செய்யத்தான். புதியதன் ஆயுளும் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம்தான். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் அதற்கு மேல் தாங்குவது கஷ்டம்.

மாற்றுகிற நாளில் வரும் தலைவலிகள் வேறு. பேனலில் உள்ள வயரிங்குக்கும் டிராயிங்குக்கும் சம்பந்தமே இருக்காது. சி.டி. 5 ஆம்பியரா 1 ஆம்பியரா என்று பார்க்காமல் ஆர்டர் போட்டிருப்பார்கள். சுமை ஓடும்போது சி.டி. வயரை ஷார்ட் செய்யாமல் கழற்றினால் முனைகளில் ஆபத்தான உயர் வோல்டேஜ் எழும், ஆள் உயிருக்கே உலை.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. ஒரு 11 கே.வி. ஃபீடரில் மட்டும் புது ரிலே போடுகிறார்கள், இன்கமரில் பழைய தட்டு ரிலே அப்படியே இருக்கிறது. காற்றில் ஒரு மரக்கிளை கம்பியில் படுகிறது, விலகுகிறது, மறுபடி படுகிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் புது ரிலே உடனே பூஜ்யத்துக்குப் போய்விடும். பழைய தட்டு அப்படியில்லை, மெதுவாகத்தான் திரும்பும். பாதி வழி திரும்புவதற்குள் அடுத்த உரசல் வந்து இன்னும் முன்னே தள்ளும். கடைசியில் ஃபீடர் டிரிப் ஆவதற்குப் பதில் இன்கமர் டிரிப் ஆகும். ஒரு கிளைக்காக ஊரே இருட்டு. புது ரிலேக்கள் பலவற்றில் தட்டு மாதிரியே மெதுவாக ரீசெட் ஆகும் வசதி உண்டு, அதைத் தேர்வு செய்தால் போதும். ஆனால் அதை உட்கார்ந்து யோசித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் டெண்டரில் எந்த வரியில் இருக்கிறது?

செட்டிங் தப்பானால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய லைன்களில் சாட்சி இருக்கிறது. 1965 நவம்பர் 9 அன்று கனடாவின் ஆடம் பெக் மின்நிலையத்தில் ஒரு பேக்கப் ரிலே ஃபால்ட்டே இல்லாமல் டிரிப் ஆனது. செட்டிங் வைத்த பிறகு லைனின் சுமை ஏறிவிட்டது, யாரும் திருத்தவில்லை. சுமார் 3 கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோதும் பீனா-குவாலியர் 400 கே.வி. லைனில் ஃபால்ட் இல்லை, அதிக சுமையை ஃபால்ட் என்று ரிலே எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் ரிலே கெட்டுப்போகவில்லை. சொன்னதைச் செய்தது.

ஆகவே டெண்டரில் பெட்டியோடு சேர்த்து செட்டிங் கணக்கு, செகண்டரி இன்ஜெக்ஷன் டெஸ்ட், டிராயிங் திருத்தம், சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு, உதிரி ரிலே, ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் விலையோடு எழுதப்பட வேண்டும். "சட்டம் குறைந்த விலைக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது" என்று தப்பிப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டம் டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோலின்படி ஒப்பிடத்தான் சொல்கிறது. ஆவணத்தில் எழுதினால் கணக்கில் வரும். எழுதுவதற்குத்தான் சோம்பல்.

எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் பிடுங்கிப் போடவும் அவசியமில்லை. ஜனநெருக்கடியான தெருக்களில் ஓடும் ஃபீடர்களின் எர்த் ஃபால்ட் ரிலேக்கள் முதலில். (காய்ந்த தார் ரோட்டில் விழுந்த கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, புது ரிலேகூட அதைத் தவறவிடலாம். கேட்டலாக் இதைப் பெரிய எழுத்தில் போடாது.) டெஸ்டில் ஒழுங்காகத் தேறும் தட்டு ரிலே இன்னும் சில வருடம் இருக்கட்டும். கழற்றியவற்றில் நல்லதாக உள்ளவற்றைப் பழைய இரும்புக்கு ஏலம் விடாமல் ஸ்டோரில் வைத்தால், மாற்றாமல் விட்ட பேனல்களுக்கு உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டாம்.