மானநட்டமா, அவதூறா?

“ஐயா, மானம் எவ்வாறு நட்டமாகும்?” என்று மாணாக்கர் ஒருவர் வகுப்பில் வினவினார். ‘மானநட்ட வழக்கு’ எனப் பத்திரிகைகள் எழுதுவதை நானும் ஆராயாது கற்பித்து வந்தவனே.

மானம் என்பது ஒருவன் தன் நெஞ்சினுட் காக்கும் உயர்வு. வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். பிறர் நாவினால் அது குறைவதில்லை. குறைவது, பிறர் உள்ளத்தில் அவனுக்குள்ள நற்பெயர். அவ்வழக்கிற் சட்டம் காப்பதும் அதனையே. தனியே வைத்து ஏசினால் அது வசை. மூன்றாமவர் செவிக்கு எட்டினாற்றான் வழக்குப் பிறக்கும். ஆதலின், தூற்றுதலைச் சுட்டும் ‘அவதூறு’ என்பதே ஏற்றதென எண்ணினேன். நெல் தூற்றும் களத்திற் பதர் காற்றோடு பரவுதல்போலப் பழிச்சொல்லும் பரவுமன்றோ?

ஆயினும் ஓர் இடர் உண்டு. இலங்கையில் அவதூற்றுக் குற்றம் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து 2002 இல் நீக்கப்பட்டது. குடியியல் வழக்கோ உரோம டச்சுச் சட்டத்தின்படி இன்றும் உண்டு. அங்கே, “உண்மையைத்தானே எழுதினேன்” என்பது மட்டும் விடையாகாது. பொதுநன்மையும் காட்டல் வேண்டும். தமிழ்ச் செவிக்கோ அவதூறு என்றாலே பொய்! மெய்யுரைத்தவனையும் பொய்யனாக்கும் சொல்லை எவ்வாறு ஏற்பது?

‘நற்பெயர்க் கேடு’ என எழுதிப் பார்க்குமாறு பத்திரிகையாளரை வேண்டுகின்றேன்.